ஆளில்லாத குழியில் ஊதா

பிப்ரவரி 3, செவ்வாய்

சீப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். எல்லா நாளும் போலத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கட்டிலில் உட்கார்ந்து, சீப்பின் பின்பக்கத்தால் முதுகைத் தேய்த்துக்கொள்வாள். சர்ர், சர்ர். ஒரு நிறுத்தம். மறுபடி சர்ர். நகம் படக்கூடாது, பட்டால் தோல் கிழியும் என்பது அம்மா போட்ட சட்டம். அம்மா இருந்தவரை அவள்தான் தேய்த்துவிடுவாள். கை வலித்தால் சீப்பை அடுத்த கைக்கு மாற்றுவாள், நிறுத்தம் அதற்கு. இப்போது அக்காவும் நிறுத்துகிறாள், எட்டாத இடத்துக்குக் கையை மாற்றிக்கொள்ள.

கண் திறப்பதற்கு முன்னால் ஒரு கணம், அந்த அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அதற்காகவே நான் உடனே கண் திறப்பதில்லை. அம்மா போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னால் பயந்துவிடுவார். அக்காவிடம் சொன்னால் சிரிப்பாள். இங்கே எழுதிவைக்கலாம்.

பிப்ரவரி 5, வியாழன்

வேலையைப் பற்றி அப்பா திரும்பவும் கேட்டார். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர் அவர். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் மனசு ஆறும். "அப்படி என்னதாம்மா பண்றீங்க அந்த ரூமுக்குள்ள?"

சொல்ல முயன்றேன். யாரோ ஒரு பெண்ணுக்கு அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த தோலிலிருந்து செல்களைப் பிரித்து வளர்க்கிறோம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் அவற்றைக் குடிவைத்து, எரிச்சலூட்டும் ஒரு மருந்தை விடுவோம். செல்கள் கத்தும். கத்துவது என்றால், ஒரு பொருளைக் கக்கும். நம் உடம்பில் அது சிவப்பாகவும் வீக்கமாகவும் அரிப்பாகவும் தெரியும். எங்கள் தட்டில் மஞ்சளாகத் தெரியும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு அழற்சி. பிறகு வேலியோரக் களைச்செடி ஒன்றின் இலைச்சாரத்தை விட்டுப் பார்க்கிறோம். சாரம் கூடக்கூட மஞ்சள் வெளிறிக்கொண்டே போகிறது.

"அப்ப அது கத்தாம இருக்கா?"

"ஆமாப்பா."

"நல்லதுதானே. பேரு என்ன அந்தச் செடிக்கு? நம்ம மாடில தொட்டில வைக்கலாமே."

அக்கா அடுப்படியிலிருந்து, "ஏன், மேய்றதுக்கா?" என்றாள். அப்பா என்னை முந்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

கடைசி வரிசை இன்று ஏறக்குறைய தண்ணீர் நிறம். மேடம் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாரு, எவ்வளவு அமைதி" என்றார். ஆய்வகமே அவர் உருவாக்கியது. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, களைத்துப்போய்ப் பார்த்திருக்கிறேன்.

"உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே இதான். தொணதொணன்னு பேசறதில்ல. வேலை மட்டும் நடக்குது."

நன்றி மேடம் என்றேன். அதையும் மனதுக்குள் சொன்னேனோ என்னவோ, அவர் போய்விட்டார்.

எனக்குச் சீனியர் ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "சராசரியா பார்த்தா" என்றுதான் ஆரம்பிப்பார். டீ நன்றாக இருக்கிறதா என்றால்கூட. அதனால் எல்லோருக்கும் அவர் சராசரி அண்ணன். எட்டு மூக்குள்ள பிப்பெட்டைச் சீப்பு என்று சொல்வதும் அவர்தான். "அந்தச் சீப்ப எடும்மா" என்பார். ஒரே அழுத்தில் எட்டுக் குழிக்கும் சொட்டு விடும் கருவி அது. பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

அக்கா இன்று தோல் மருத்துவமனையிலிருந்து ஒரு வெள்ளை ட்யூபோடு வந்தாள். மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மழையில் அழுகும் இலையின் வாசனை. தினமும் என் கோட்டில் வீட்டுக்கு வரும் வாசனை.

"நீ காய்ச்சற கஷாயம்தானாமே இது?" என்றாள். "டாக்டர்கிட்ட நீ எங்க வேலை பாக்கறேன்னு சொன்னேன். உங்க தங்கச்சி கைவண்ணம்தாம்மான்னு சொல்றாரு. வீட்ல ஒரு வார்த்த சொன்னியாடி, ஊமைக்கோட்டான்?"

தோல் டாக்டரும் மேடமும் சேர்ந்து சிலருக்கு மட்டும் களிம்பைப் பூசிப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரியும். அந்தச் சிலரில் அக்கா இருப்பாள் என்று தெரியாது. அவள் அந்த டாக்டரிடம் எத்தனையோ வருஷமாகப் போகிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இது உண்டு: முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்து, முதுகு. பள்ளியில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள். இப்போது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வெந்நீர், ப்ளீச், நாள் முழுக்க ஈரத் துணி. அவள் தோலுக்கு அதைவிட மோசமான வேலை கிடையாது. அவளை எடுத்துக்கொண்ட வேலையும் வேறு கிடையாது.

அந்தத் தட்டுகளைப் போட்டது நான். என் மஞ்சள் எண்களைப் பார்த்துத்தான் இந்தக் களிம்பில் எவ்வளவு சாரம் என்று முடிவு செய்தார்கள்.

கைதட்டியிருக்க வேண்டும். ட்யூபை வாங்கி மூடியை இறுக்கி வைத்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

வேலைக்குத் தாமதமாகிவிட்டது. எழுந்திருக்கவில்லை. சீப்புச் சத்தம் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்றும் இல்லை. அறையை எட்டிப் பார்த்தேன். அக்கா குப்புறப் படுத்து, வாய் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். கதவருகே அப்பா, கையில் ஆறிப்போன டீயோடு.

"எழுப்பாத. இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றார் மெல்ல. பிறகு, "உங்கம்மா பாக்கலியே" என்றார்.

சீப்பு ஜன்னல் கட்டையில் கிடந்தது. கறுப்பு, அகலப் பல், நடுவில் ஒரு பல் இல்லை.

பிப்ரவரி 23, திங்கள்

அக்கா அரைக்கைச் சட்டை வாங்கியிருக்கிறாள். கண்ணாடி முன் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "ஏய், இது யார் கைடி? சினிமாக்காரி கை மாதிரி இல்ல?" சலவைக்கூடத்தில் அவளோடு வேலை செய்பவள் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன பூசுற என்று கேட்டாளாம். "என் தங்கச்சி கண்டுபிடிச்சதுன்னு சொன்னேன். வாயப் பொளந்துட்டா."

நான் கண்டுபிடிக்கவில்லை அக்கா என்றேன். "நீ சும்மா இரு" என்றாள்.

இப்படி ஒரு சந்தோஷம் இந்த வீட்டில் எப்போது இருந்தது? நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் விடிகாலையில் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். குழாய் சொட்டுகிறது. அப்பா இருமுகிறார். லிஃப்ட் இறங்குகிறது. வேறொன்றும் இல்லை.

இரண்டு குளிர்காலம் கழித்து அம்மா மறுபடி போய்விட்டாள். இந்தத் தடவை நான் தயாரித்த மருந்தால்.

இதை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 26, வியாழன்

ஆய்வகக் குளிர்பெட்டியின் மோட்டார் சத்தத்துக்குள் சர்ர் என்று கேட்டது. போய் நின்று கேட்டேன். மோட்டார்தான்.

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் முழங்கை மடிப்பில் ஒரு வெடிப்பு. நகக்கீறல் அளவு. சலவைத் துணியில் இருந்த ஊக்கு பட்டதாம்.

"எப்ப?"

"ட்யூப் ஆரம்பிச்ச புதுசுல. வலியே இல்ல. அரிக்கவும் இல்ல. அப்புறம் என்ன?"

அவ்வளவு நாளாக மூடாமலா இருக்கிறது? அவளுடைய பழைய தோல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கீறினால் மூடிவிடும். தடித்து, கறுத்து, அசிங்கமாக. ஆனால் மூடிவிடும். வெடிப்பைச் சுற்றித் தோல் பளபளவென்று, நனைந்த காகிதம் மாதிரி. அழகாகத்தான் இருந்தது. தொட்டேன். சில்லென்று இருந்தது.

"புதுத் தோல் வரும்போது அப்படித்தான் இருக்குமாம்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 5, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

மஞ்சள் சோதனை செல்கள் கத்துகின்றனவா என்று சொல்லும். அவை உயிரோடு இருக்கின்றனவா என்று சொல்ல இன்னொரு சோதனை உண்டு. ஒரு சாயத்தை விடுவோம். உயிருள்ள செல் அதைத் தின்று ஊதாவாக்கும். செத்த செல் ஒன்றும் செய்யாது, வெளிர் மஞ்சளாகவே கிடக்கும். எங்கள் சாரம் போட்ட குழிகள் எல்லாம் எப்போதும் நல்ல ஊதா. கடைசி வரிசையும். கத்தவில்லை, ஆனால் உயிரோடு இருக்கின்றன. அதனால்தான் மேடம் அமைதி என்றார்.

இன்று செல்கள் போதவில்லை. தட்டை நிரப்பிக்கொண்டு வரும்போது கடைசி வரிசைக்கு வந்ததும் தீர்ந்துவிட்டது. சரி, காலியாக இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் சாரம் விடும்போது கை பழக்கத்தில் போய், எட்டு மூக்குப் பிப்பெட்டால் அந்தக் காலி வரிசைக்கும் விட்டுவிட்டேன். பிறகு சாயமும்.

சாயங்காலம் தட்டை எடுத்தேன்.

காலி வரிசை ஊதாவாக இருந்தது.

அங்கே யாரும் இல்லை. ஒரு செல்லைக்கூட நான் அங்கே வைக்கவில்லை. பூட்டின வீட்டுக்குள் விளக்கு எரிகிற மாதிரி எட்டுக் குழிகளும் ஆழமான, அழகான ஊதா. அதற்குப் பக்கத்தில் செல் வைத்த வரிசையும் அதே ஊதா. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

காலிக் குழி நாங்கள் எப்போதும் வைப்பதுதான், ஒப்பிட்டுப் பார்க்க. ஆனால் அதில் சாரம் விடமாட்டோம். யாருமே விட்டதில்லை. எதற்கு விட வேண்டும்?

செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன். வெதுவெதுப்பாக இருந்தது, ஒரு ஆளின்மேல் சாய்ந்த மாதிரி.

மார்ச் 6, வெள்ளி

மறுபடி செய்தேன். செல் இல்லாமல், வெறும் சாரமும் சாயமும். ஊதா.

செடியே சாயத்தை மாற்றிவிடுகிறது. அழற்சியை அடக்குவதற்காகச் செடியில் நாங்கள் கொண்டாடும் அதே பொருட்கள்தான் சாயத்தையும் ஊதாவாக்குகின்றன. உயிர் தேவையில்லை.

பிறகு முந்தின தட்டு ஒன்றில் செல் வைத்த கடைசி வரிசையைக் கழுவிப் பார்த்தேன். நாங்கள் சாயம் விடும் முன் கழுவுவதில்லை. கழுவினால் செல் உரிந்து போய்விடும் என்பது சராசரி அண்ணன் சட்டம். உரிந்துதான் போயிற்று. செத்த செல் ஒட்டிக்கொண்டிருக்காதே. மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது வெறும் தரை. ஓரத்தில் இரண்டு மூன்று, உருண்டு, சுருங்கி.

அமைதிதான். கத்துவதற்கு ஆள் இருந்தால்தானே.

அக்காவின் முழங்கை. ஒரு வெடிப்பை மூட, பக்கத்துச் செல்கள் நகர்ந்து வர வேண்டும். யார் வருவார்கள்?

மார்ச் 8, ஞாயிறு

அக்கா பால்கனியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்னடி?"

"அந்த வெடிப்பு..."

"அதையே பாத்துட்டிருக்க நீ. மத்த இடமெல்லாம் பாரேன்." கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள். "எத்தன வருஷம் கழிச்சுத் தூங்கறேன் தெரியுமா? கண்ணு வைக்காத."

நிழல் அவள் கழுத்தில் விழுந்திருந்தது. சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. ஒன்றுமே இல்லை. உள்ளே வந்துவிட்டேன்.

இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் பயப்படுவது அவள் தோலுக்காகவா? இல்லை, சீப்புச் சத்தம் திரும்ப வேண்டும் என்றா? அந்த ஊதாவைப் பார்த்தபோது பயத்துக்கு அடியில் ஒரு சின்ன நிம்மதி இருந்ததா இல்லையா?

இருந்தது.

அதனால் நான் பார்த்தது பொய்யாகிவிடுமா? தரை காலியாக இருந்தது. என் ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்று மூன்றாவது தடவை சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

சராசரி அண்ணனிடம் தட்டைக் காட்டினேன்.

"ஒரு குழி ரெண்டு குழி இப்படித்தான் ஏமாத்தும்மா. சராசரியா பார்த்தா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதுல செல்லே இல்லங்கற?"

தலையாட்டினேன்.

"நிஜமா? மறந்து போட்டிருக்கப்போற."

"போடலண்ணா."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கழுவாதேன்னு சொன்னது நான்தான்" என்றார். பிறகு, "மேடம்கிட்ட நீ சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

நான் சொன்னால் மட்டும் நன்றாக இருக்குமா?

மார்ச் 10, செவ்வாய்

மேடம் அறை வாசலில் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"பிப்பெட் முனை தீர்ந்துடுச்சு மேடம்."

தீரவில்லை. அலமாரி நிறைய இருக்கிறது.

"வாங்கிடலாம். வெள்ளிக்கிழமை தோல் டாக்டர் வராரு, தட்டெல்லாம் எடுத்து வை. இன்னும் நிறைய பேருக்குக் குடுக்கப்போறோம். அவர் சொன்னாரு, ஒரு பொண்ணு முதல் தடவையா ராத்திரி முழுக்கத் தூங்குறாளாம். கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு."

அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. அந்தப் பொண்ணு யார் என்று அவருக்குத் தெரியாது.

கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். வாய் இருந்து என்ன, அதிலிருந்து வந்தது ஒரு பிப்பெட் முனை!

மார்ச் 12, வியாழன்

வெடிப்பு நீண்டிருக்கிறது. நீர் கசிகிறது. அக்கா மேலே கட்டுப் போட்டுக்கொண்டு, சுற்றிலும் களிம்பைப் பூசிக்கொண்டிருந்தாள். "அதுல பூசாதக்கா" என்றேன். "அதுல பூசல, பக்கத்துலதானே" என்றாள். கழுத்துக்குப் பின்னால் இன்னொரு கீறல் திறந்திருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு எட்டாத இடம்.

நாளை வெள்ளி. பேச வராது என்றால், பேசாமல் காட்ட முடியாதா?

மார்ச் 13, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேஜையில் மேடம், தோல் டாக்டர், சராசரி அண்ணன். நான் நேற்றே போட்டு வைத்திருந்த ஒரு தட்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். இரண்டே வரிசை. இரண்டும் ஊதா.

"இது எதுக்கு?" என்றார் மேடம்.

நான் சொல்லத் தயாரித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "ஒரு வரிசைல செல் இருக்கு" என்றேன். "இன்னொண்ணுல இல்ல. எதுல இருக்குன்னு சொல்லுங்க மேடம்."

டாக்டர் சிரித்தார். "பரீட்சை வைக்கறாங்களே!" ஆனால் மேடம் சிரிக்கவில்லை. தட்டைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். "இடது பக்கம்" என்றார்.

"அதுல யாருமே இல்ல மேடம்."

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"அதுல சாரம் மட்டும்தான் இருக்கு. சாரமே சாயத்த ஊதாவாக்குது. வலது பக்கம் செல் வச்சேன், ஆனா அதுவும் செத்துடுச்சு. கழுவிப் பாத்தா தெரியும். நம்ம கடைசி வரிசை எல்லாமே இப்படித்தான் மேடம். அது அமைதி இல்ல."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"போன வாரம்."

"போன வாரம்!" தட்டை வைத்த வேகத்தில் மூடி நகர்ந்தது. "செவ்வாய்க்கிழமை என் ரூம் வாசல்ல நின்னியே. பிப்பெட் முனைன்னு சொன்னியே!" முதல் முறையாக அவர் கோபத்தைப் பார்த்தேன். நியாயமான கோபம்.

டாக்டர் குறுக்கிட்டார். "தட்டு வேற, மனுஷத் தோல் வேற. என் பேஷன்ட்ஸ் நல்லாத்தான் இருக்காங்க. உங்க அக்காவையே கேளுங்க."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். "அக்காவா?"

போனை எடுத்து, காலையில் அக்கா தூங்கும்போது எடுத்த படத்தைக் காட்டினேன். கழுத்துக்குப் பின்னால், அந்த இரண்டாவது கீறல். டாக்டர் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பித் தரும்போது சன்னமாக, "இன்னொருத்தருக்கும் கால்ல ஒண்ணு மூடல. சர்க்கரை இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "எல்லார்கிட்டேர்ந்தும் ட்யூபத் திரும்ப வாங்கிடுங்க டாக்டர். இன்னைக்கே."

சராசரி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கழுவாதேன்னு சொன்னது நான்தான் மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் போன் செய்துவிட்டார் போல. ட்யூப் அவள் மடியில் இருந்தது.

"நீதான் சொன்னியாமே."

"அக்கா, அது உன் தோல..."

"என் தோல் எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து அதுகூட மல்லுக்கட்டறது நான். நீ தட்டுல வச்சுப் பாத்தே. ஒரு மாசம்டி. ஒரே ஒரு மாசம் மனுஷியா தூங்கினேன். அது பொறுக்கல உனக்கு."

"அப்படி இல்லக்கா."

"வேற எப்படி? சொல்லு. இன்னைக்காவது வாயத் தொறந்து சொல்லு."

பொறுக்கவில்லை என்பதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறதே.

ட்யூபை என் பக்கம் எறிந்துவிட்டு உள்ளே போனாள். அப்பா குனிந்து எடுத்து, மூடியை இறுக்கி, என் கையில் கொடுத்தார். "ரிப்பேர்னு தெரிஞ்சப்புறமும் லிஃப்ட ஓடவிட்டா, ஆள் ஏறும்மா" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா என்னிடம் பேசவில்லை. அப்பாவை நடுவில் வைத்து, "அவகிட்ட உப்பு எடுக்கச் சொல்லுங்க" என்கிறாள். நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன். அப்பா உப்பை எடுத்து வைத்துவிட்டு, "நான் என்ன இன்டர்காமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

சீப்பு.

விழித்தேன். நினைத்த மாதிரி இல்லை. ஆத்திரத்தோடு, நிறுத்தமே இல்லாமல், மரத்தை இழைப்பது போல. அந்த அறையில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அதுவும் அழுதுகொண்டு.

இதற்காகவா காத்திருந்தேன்? தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மார்ச் 25, புதன்

மேடம் பழைய எண்களையெல்லாம் ஒதுக்கிவிட்டார். இனி ஊதாவை நம்புவதில்லை. கழுவி, நீலச் சாயம் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்த்து எண்ணுகிறோம். செத்த செல் நீலத்தை உள்ளே விட்டுவிடும்; உயிருள்ளது விடாது. எண்ணி எண்ணிக் கழுத்து வலிக்கிறது. சராசரி அண்ணன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் எண்ணுகிறார். வாயைத் திறந்து சராசரி என்ற சொல்லைச் சொல்லி நாளாயிற்று. இன்று தெரியாமல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

மேடம் போகிற போக்கில், "இனிமே என் ரூம் வாசல்ல நின்னா உள்ள வந்துடணும். முனை தீர்ந்துச்சுன்னு சொல்லக் கூடாது" என்றார். சரி மேடம் என்றேன். அவருக்குக் கேட்கும்படி.

ஏப்ரல் 7, செவ்வாய்

மிகக் குறைந்த அளவில் சாரம் விட்ட வரிசை. மஞ்சள் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான், ஜன்னலில் தூக்கிப் பார்த்துப் பெருமைப்படும் அளவுக்கில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் ஆட்கள் இருக்கிறார்கள். தரை முழுக்க, தோளோடு தோள் ஒட்டி. கத்துகிறார்கள், மெல்ல.

இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சராசரி அண்ணன், "போதும்மா, வெக்கப்படப்போகுதுங்க" என்றார்.

ஏப்ரல் 10, வெள்ளி

முழங்கை மூடிவிட்டது. அக்கா சொல்லவில்லை. டீ டம்ளரை என் முன்னால் வைக்கும்போது பார்த்தேன். கறுத்து, தடித்து, மேடாக, அசிங்கமாக. அவளுடைய பழைய தோல்.

நான் பார்ப்பதைப் பார்த்தாள். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொள்ளவில்லை.

"டாக்டர் கேட்டாரு, கொஞ்சமா கலந்தது ஒண்ணு வந்தா பூசிக்கிறியான்னு" என்றாள், டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

"என்ன சொன்ன?"

"என் தங்கச்சிய எண்ணிப் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்னேன்."

அவ்வளவுதான். துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் சீப்புச் சத்தம் ஆரம்பித்து, சட்டென்று நின்றது. காத்திருந்தேன். மறுபடி வரவில்லை.

"ஏய்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "முழிச்சுட்டுத்தானே கெடக்க? தெரியும். நடுவுல எட்டல. வா."

போனேன். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டினாள், திரும்பாமலே. வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, தோள்பட்டைகளுக்கு நடுவே தேய்த்தேன். சூடான, சொரசொரப்பான முதுகு. "இன்னும் கீழ. ஆங். அழுத்தித் தேய்யேன், சாப்பிடறதில்லையா நீ?" ஜன்னல் வெளுத்துக்கொண்டிருந்தது. அப்பா எங்கேயோ குழாயைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் கை வலித்தது. அம்மா மாற்றுவதைப் போல, சீப்பை இடது கைக்கு மாற்றினேன்.

அந்த நிறுத்தத்தில் அக்கா மூச்சுவிடாமல் இருந்தாள். தலையை லேசாகச் சாய்த்து, எதையோ கேட்பது போல.

மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன்.